கட் சொல்லும் வரைக்கும்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடறேன் அண்ணி" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உன் பேய்த் தொடரின் ஐந்தாவது கதையை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். முதல் நான்கு கதைகளுக்கும் உன் அண்ணன் பாதியிலேயே குறட்டை விட்டார் என்று சொல்லி, டைரக்டர் மனதைப் புண்படுத்த மாட்டேன். சொல்லிவிட்டேனோ? போகட்டும். "குடிவந்தவள்" கதைக்கு மனுஷர் கண் கொட்டவில்லை. நம் வீடே அல்லவா டி.வி.யில் வருகிறது! அத்தை தன் கட்டில் தெரிகிறதா, தன் அலமாரி தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுவரில் உங்கள் ஆட்கள் பூசிய அழுக்குப் பச்சை இன்னும் போகவில்லை, அது வேறு விஷயம்.

அந்தப் பெண் தனியாகக் குடிவந்து, ஹால் மேசையில் உட்கார்ந்து, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாளே, அந்த நீளமான காட்சி ஓடும்போது அத்தை சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயோ, யாரு அது? பின்னாடி, சமையல்கட்டு வாசல்ல?" என்றார்.

நானும் பார்த்தேன். சமையலறை வாசல்நிலையில் ஒரு பெண் நிற்கிறாள். ஈர முடி பாதி முகத்தை மறைத்திருக்கிறது. வெளுத்துப்போன நைட்டி. கையில் ஏதோ மின்னுகிறது. காட்சி முடிகிறவரை அவள் அசையவே இல்லை.

தம்பி, அது நான்.

படப்பிடிப்பு அன்று என்னைப் பக்கத்து வீட்டில் போய் இருக்கச் சொன்னாய். போனேன். தலைக்குக் குளித்துவிட்டு முடியைக்கூடக் காயவைக்கவில்லை. அதற்குள் உன் சவுண்ட் ஆள், அந்தத் தாடிக்காரர் வந்து, எல்லோருக்கும் டீ வேண்டுமென்று கூப்பிட்டார். பின்வாசல் வழியாக வந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டிருந்தீர்கள், அடுப்பு வெளிச்சத்தில்தான் டீ போட்டேன். வடிகட்டியைக் கையில் எடுத்த நேரம் ஹாலில் ஒரேயடியாக அமைதி. என்ன ஆயிற்றென்று வாசலுக்கு வந்தேன். தாடிக்காரர் மூலையிலிருந்து உதட்டில் விரல் வைத்து, "சத்தம் பதிவாகுதுக்கா. கட் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று சத்தமில்லாமல் வாயசைத்தார். நின்றுவிட்டேன்.

உன் அண்ணன் "யாரு அது" என்று கேட்டபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தெரிந்துதான் வைத்தாயா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் எடிட்டிங் அறைக்கு ஓடினேன். நீங்கள்தான். சத்தியமாக நீங்களேதான்!

நடந்தது இதுதான். படமெடுத்த அன்று சமையலறைப் பக்கம் கும்மிருட்டு. மானிட்டரில் எதுவும் தெரியவில்லை, எடிட் செய்தபோதும் தெரியவில்லை. கடைசி நேரத்தில் சேனல்காரர்கள், "மக்கள் வீட்டு டி.வி.யில இது வெறும் கறுப்பாத்தான் தெரியும், வெளிச்சத்தை ஏத்துங்க" என்றார்கள். ஏற்றினோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். கலர் பார்க்கிறவர், "இந்த அம்மா யாரு சார், பேயா?" என்று கேட்டார். நானும் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். நம் ஆட்கள் யாரோ துணை நடிகையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து, "ஆமா, பேய்தான்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அண்ணி, வெளியே என்ன நடக்கிறது தெரியுமா? முதல் நான்கு கதைகளையும் கிழித்துத் தோரணம் கட்டிய விமர்சகர் ஒருவர், "குடிவந்தவள்" பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். பயமுறுத்தும் இசை இல்லை, அலறல் இல்லை, கதையில் யாரும் அவளைக் கவனிப்பதுகூட இல்லை, இதுதான் உண்மையான பேய்ப்படம் என்கிறார். படத்தை நிறுத்தி, உங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கையில் இருப்பது அரிவாளா, கண்ணாடித் துண்டா என்று பெரிய சண்டை. ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர், உயிருள்ள மனிதர் இத்தனை நேரம் இமைக்காமல் நிற்கவே முடியாது என்று எழுதியிருக்கிறார். ஒரு பெண், "இது பேய் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான் நிற்பாள், நான்தான் அது" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்து இங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஐந்தாவது கதையும் ஊற்றிக்கொண்டால் தொடரையே நிறுத்துவதாக இருந்தார்கள். நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். ஒரு பேட்டியில் "அவள் யார்?" என்று கேட்டார்கள். "சொல்ல மாட்டேன்" என்றேன். அது இன்னும் பற்றிக்கொண்டுவிட்டது. அதனால் தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

கிட்டத்தில் போய்ப் பார்த்தும் துணை நடிகை என்று நினைத்தாய். சரி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பையன். உனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் இருந்தவள் நான். அந்த நைட்டியை வாங்கிக் கொடுத்ததும் நீதான், உன் முதல் சம்பளத்தில். இதையெல்லாம் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்தட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் பஞ்சு என்று ஒரு வாண்டு இருக்கிறது. கன்னத்துக்காக நாங்கள் வைத்த பெயர். காலையில் அம்மா இறக்கிவிட்டதும் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்ளும், சாயங்காலம்தான் விடும். என் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறக்கும். போன வாரம் அதன் அக்கா உன் கதையைப் பார்த்திருக்கிறாள், இதுவும் பார்த்திருக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியாத முகம் அதற்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும் கதவோடு ஒட்டிக்கொண்டு அப்படியொரு அழுகை. உனக்குப் புகழுரை எழுதினாரே விமர்சகர், அவரைவிட என் பஞ்சு கெட்டிக்காரி.

அன்றிலிருந்து மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. பெரிய பிள்ளைகள் சுவர் ஓரமாகப் போய் முடியை முகத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. "ஆயா விளையாட்டு" என்று அதற்குப் பெயரே வைத்தாயிற்று. நான் உள்ளே வந்தால் விளையாட்டு நின்று அழுகை ஆரம்பிக்கிறது. மேனேஜரம்மா கூப்பிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நானும் சொல்லிப் பார்க்கறேன். ஆனா பெத்தவங்க கேக்கறாங்களே, நிஜமாவே அது நீங்களா?" என்றார். நீ மூச்சு விடாதே என்று சொன்னதால் விழித்துக்கொண்டு நின்றேன். நிற்பது எனக்குப் பழகிப்போன வேலைதானே.

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதற்குள் நீ ஒன்று செய்ய வேண்டும். டி.வி.யிலோ பத்திரிகையிலோ ஒரே ஒரு வரி சொன்னால் போதும்: "அது எங்க அண்ணி. உயிரோடதான் இருக்காங்க. டீ வடிகட்டிக்கிட்டு இருந்தாங்க." பெயர்கூட வேண்டாம். அதை மேனேஜரம்மா எல்லோருக்கும் காட்டிவிடுவார், பெற்றவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் தம்பி. அந்தக் காப்பகத்தில் மட்டும்தான் நான் உள்ளே நுழைந்தால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. கட் சொல்லும் வரைக்கும் அசையாதே என்றார்கள். நீ அன்று கட் சொல்லவே இல்லை. கதாநாயகி நன்றாக அழுதுவிட்ட சந்தோஷத்தில், "சூப்பர்! சாப்பாடு!" என்று கத்தினாய். எல்லோரும் கைதட்டிக்கொண்டே வாசலுக்குப் போனீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

கோபப்படாமல் படியுங்கள்.

இப்போது வாயைத் திறக்க வேண்டாம் என்று சேனலில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தொடர் முடிந்ததும் நானே மேடை ஏறிச் சொல்கிறேன், இன்னும் மூன்று கதைதான் பாக்கி. அதுவரை முடியை இழுத்துப் பின்னிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும், நேற்றுத் தின்ற மிட்டாயே அவர்களுக்கு நினைவிருக்காது.

இன்னொரு சேதி வேறு வழியாக உங்கள் காதுக்கு வரும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமையலறையில் நிஜமாகவே ஒரு பெண் செத்துப்போனாள் என்றும், படத்தில் தெரிவது அவள்தான் என்றும் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நான் கிளப்பவில்லை. சேனலில் விளம்பரம் பார்க்கிறவர்கள் விளையாட்டாகச் செய்ததாகச் சொல்கிறார்கள். பேட்டியில் என்னிடம் கேட்டபோது நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா சிரித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, அண்ணி?

நல்ல சேதியும் இருக்கிறது. இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். அதில் முழுக்க நீங்கள்தான். வசனம் கிடையாது, கஷ்டம் கிடையாது, சும்மா நின்றால் போதும். உங்களுக்குத் தோதான நாள் சொல்லுங்கள். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

பெற்றோர் கூட்டம் முடிந்துவிட்டது. மேனேஜரம்மா நல்ல மனுஷி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அழுதுகொண்டேதான் சொன்னார். பஞ்சுவின் அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கி முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அது என்னைப் பார்க்கக் கூடாதாம். நான் வைத்திருந்த பிஸ்கட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

உன் "சும்மா சிரித்தேன்" நன்றாக வேலை செய்கிறது. பகலெல்லாம் தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள். கேட்டுக்கு வெளியே இருந்து சமையலறை எந்தப் பக்கம் என்று கை நீட்டுகிறார்கள். முதலில் பொறுத்துப் பார்த்தேன். நீ சொல்லாததை நானே சொல்லிவிடுவோம் என்று ஒரு நாள் வெளியே போய், "நான்தாங்க அது. செத்தெல்லாம் போகலை. டீ போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு பெண் போனில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, அவங்க உங்களைவிட உசரம்" என்றாள். ஒருவன், "வேலைக்காரம்மாவா இருக்கும், விளம்பரம் தேடுது" என்றான். தெரிந்தவர்கள் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள், தெரியாதவர்கள் நான் நானில்லை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு எங்கே இடம் என்று நீயே சொல்.

வீட்டுக்குள் கேட்காதே. உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "நீயா அது? எனக்குத் தெரியலையே" என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை, பயத்தோடு சொன்னார். அன்றிலிருந்து கடையிலிருந்து நேரம் கழித்தே வருகிறார். அத்தை, "நடக்கும்போது ஏதாவது சத்தம் பண்ணிக்கிட்டு வாம்மா. திடீர்னு நிக்கறே, பக்குங்குது" என்கிறார். நான் வந்த புதிதில் பெண் நடந்தால் தரைக்கே தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். இங்கே பேயே நான்தான், யார் எந்த மரத்தில் ஏறுவார்கள் என்று தெரியவில்லை.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம். நாலைந்து பேர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார்கள். ஹால் ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்க்கிறார்கள். அத்தை கட்டிலில் இருந்தபடி கத்துகிறார், யாரும் காதில் வாங்கவில்லை. நான் சமையலறையில் இருந்தேன். வாசலுக்கு வந்து, அன்று நின்ற இடத்திலேயே நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை.

தம்பி, அந்தச் சிரிப்பும் பேச்சும் அப்படியே நின்றுபோயிற்று. ஒருத்தரும் நகரவில்லை. அத்தைகூட வாயை மூடிக்கொண்டார். நான் அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அப்புறம் அவர்கள் மெதுவாக, முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து போனார்கள்.

எனக்குப் பயமாக இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அண்ணி


ஏப்ரல் 13

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் போட்டேன், அதற்கு ஒரு வரி இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அண்ணன் என்னென்னவோ சொல்கிறார். மத்தியானம் ஆனால் நீங்கள் அந்த வாசலில் போய் நின்றுகொள்கிறீர்களாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். என்ன விளையாட்டு இது? என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒரு வரி எழுதுங்கள் போதும்.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். சேனலைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரடி நிகழ்ச்சியில், நீங்கள் எழுதிக் கொடுத்த வரியை அப்படியே சொன்னேன். "அது எங்க அண்ணி. உயிரோடதான் இருக்காங்க. டீ வடிகட்டிக்கிட்டு இருந்தாங்க."

அரங்கமே சிரித்தது அண்ணி. நிகழ்ச்சி நடத்துகிறவர், "எவ்வளவு அழகா சமாளிக்கறார் பாருங்க" என்றார். நான் இன்னொரு முறை சொன்னேன், சத்தியம் செய்தேன், குரல் உடைந்துவிட்டது. அது இன்னும் மோசமாகிவிட்டது. அன்று சாயங்காலமே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சேனல் மிரட்டிச் சொல்ல வைத்தது என்று சிலர். "அவர் கண்ணைப் பாருங்கள், அவள்தான் இப்படிச் சொல்ல வைக்கிறாள்" என்று சிலர். சேனலில் திட்டுவார்கள் என்று போனேன், கைகுலுக்கினார்கள். முந்தைய வாரத்தைவிட இரண்டு மடங்கு பேர் பார்த்தார்களாம். ஒரு மாதம் முன்னால் நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். எனக்கு அது தெரியும். நீங்கள் அதைச் சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, ஆதாரத்தோடு காட்டிவிடலாம் என்று அன்றைய படப்பதிவு முழுவதையும் தேடி எடுத்தேன். கட் ஆன பிறகு நீங்கள் சாதாரணமாக நடந்து உள்ளே போவது எங்காவது இருக்கும், அந்த ஒரு துண்டு போதும், வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் சொன்னது சரி, நான் கட் சொல்லவில்லை. கட் சொல்லாததால் கேமராவையும் யாரும் அணைக்கவில்லை. நாங்கள் சாப்பிடப் போன பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எடிட்டரும் நானும் வெளிச்சத்தை ஏற்றி வைத்துப் பார்த்தோம்.

நாங்கள் எல்லோரும் எழுந்து போகிறோம். நீங்கள் நிற்கிறீர்கள். வாசலில் தட்டுச் சத்தம், சிரிப்புச் சத்தம் எல்லாம் கேட்கிறது. நீங்கள் நிற்கிறீர்கள். லைட்காரர் ஒருவர் உங்களை ஒட்டி உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வருகிறார். அம்மா தன் அறையிலிருந்து வந்து, உங்களைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அப்புறம் நான் வருகிறேன். உங்கள் தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறேன், அங்கேயே நின்று குடிக்கிறேன், திரும்ப வைக்கிறேன், போகிறேன். உங்களைத் தொட்டுவிடும் தூரம். நான் உங்களைப் பார்க்கவே இல்லை.

கேமராவின் மெமரி கார்டு நிறைந்து படம் தானாக நின்றுபோகிறது. அதுவரைக்கும் நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். எடிட்டர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். நான் மறுபடி மறுபடி பார்த்துவிட்டேன். நீங்கள் உள்ளே போகிற இடம் எதிலும் இல்லை.

அண்ணி, அன்று நீங்கள் எப்போதுதான் நகர்ந்தீர்கள்? நாங்கள் சாப்பிட்டோமே, நீங்கள் சாப்பிட்டீர்களா? இதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் பாகம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். அதே இடத்தில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கட் சொல்கிறேன். அதுவரை உட்காருங்கள் அண்ணி. தயவுசெய்து கொஞ்ச நேரமாவது உட்காருங்கள்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாளை நிலைக்கட்டையில் வைத்து, நின்றபடியே எழுதுகிறேன்.

டி.வி.யில் உன்னைப் பார்த்தேன். இங்கிருந்து டி.வி. நன்றாகத் தெரிகிறது. இளைத்துவிட்டாய், நேரத்துக்குச் சாப்பிடு. அவர்கள் சிரித்ததற்கு நீ என்ன செய்வாய்? நீ சொல்லிவிட்டாய், நானும் கேட்டுவிட்டேன். அந்தக் கணக்கு தீர்ந்தது.

எப்போது நகர்ந்தேன் என்று கேட்கிறாய். எனக்கு நினைவில்லை. சாயங்காலம் பாத்திரம் கழுவியது நினைவிருக்கிறது, அப்படியானால் நகர்ந்துதான் இருப்பேன். நீ தண்ணீர் குடித்தது நன்றாக நினைவிருக்கிறது. மூச்சு வாங்காமல் குடித்தாய், சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணி, நீங்க இங்கயா இருக்கீங்க?" என்பாய் என்று நினைத்தேன். கட் என்ற அந்தச் சொல்லுக்காகக்கூட இல்லை, அதற்காகத்தான் நின்றேனோ என்னவோ.

இப்போது வீடு மாறிவிட்டது, வந்தால் பார்ப்பாய். பகலில் ஆட்கள் வருகிறார்கள், ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் கால் வைப்பதில்லை. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். உன் அண்ணன் கடையிலிருந்து நேரத்தோடு வந்துவிடுகிறார். ஹாலில் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்று கடையில் நடந்ததெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறார். நடு நடுவே, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத கேள்வி. பயத்தில் அவர் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தைதான் சமைக்கிறார். பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறார். என்னைத் தாண்டி வர மாட்டார். தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து, என் காலுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் வைத்துவிட்டு, "சாப்பிடும்மா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்கிறார். இந்த வீட்டில் எனக்கு ஒருவர் சோறு போட்டது இதுதான் முதல் தடவை. உப்பு கொஞ்சம் கூடுதல். நான் சொல்லவில்லை.

பஞ்சு மட்டும் நினைவுக்கு வருகிறாள். என் முகத்தை முகமாகக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். அவள் இப்போது யார் கையால் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் எழுது. அவள் இந்தப் பக்கம் வர வேண்டாம், அவள் வந்தால் என்னால் இப்படி நிற்க முடியாது.

உன் அண்ணன் கட் சொல்லிப் பார்த்தார். நேற்று உன் தாடிக்காரர்கூட வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கட் அக்கா, கட், மன்னிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காதில் விழுந்தது. கால்தான் கேட்கவில்லை. நீ சொன்னால் ஒருவேளை கேட்கும். டைரக்டர் நீதானே.

அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. குளித்துவிட்டு, அம்மா சமைத்ததைச் சாப்பிடு. உன் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார். என்னைப் பார்த்துப் பேசு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதே. நீ கட் சொன்னால் நான் உள்ளே போய் உங்கள் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

அண்ணி